படியாத பிலிம்

மாமே,

இன்று மேனாம்பேட்டில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் உன் படத்துக்கு மாலை போட்டு மாட்டியிருக்கிறார் அண்ணி. சட்டைப் பையில் செருகிய பேனா பளிச்சென்று தெரிகிறது. முகம் மட்டும் கரைந்து கிடக்கிறது. சிரிப்பு வந்தது, பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எடுத்தவன் நானல்லவா!

கல்யாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைத்த உனக்கு மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த அந்தப் பழைய கேமராதான் உயிர். உள்ளே பிலிம் தட்டையாகப் படிந்தால்தான் படம் துல்லியமாக வரும், முன்கூட்டியே சுற்றிவைத்தால் புடைத்துக்கொண்டு அந்த இடம் மட்டும் மங்கிவிடும் என்பாய். "இன்னாடா அவசரம்? எடுக்கசொல்லோ சுத்து!" பூந்தமல்லி மண்டபத்தில் தாலியும் கையுமாக நின்ற மாப்பிள்ளையிடமே, "அண்ணாத்தே, அப்டியே நில்லு, பிலிம் சுத்திக்கிறேன்" என்றாயே! நாதஸ்வரக்காரர் மூச்சு முட்டி முறைத்தார். ஐயர் சபிக்காத குறை. பக்கத்தில் ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்திருந்த எனக்குத்தான் மானம் போயிற்று.

ஊரையே எடுத்த உன்னை ஒருவரும் எடுத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடம்பிடித்தேன். காலையிலேயே பிலிமைச் சுற்றித் தயாராக வைத்தேன். நீ குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி வருவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. மறுபடி சுற்றினால் ஒரு படம் வீணாகுமே என்று அப்படியே பட்டனை அமுக்கிவிட்டேன். பிரிண்ட் வந்ததும், "நீ ஆடிட்ட மாமே" என்று பழியை உன் தலையில் கட்டினேன். "ஆமா, ஆடிட்டேன் போல" என்றாய். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

போன வாரம் உன் மகள் அந்தப் படத்தைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் தெளிவாக்கி வாங்கி வந்தாளாம். கம்ப்யூட்டர் தானாகப் போட்ட முகத்தில் கருகரு மீசை, முத்துப் பல்வரிசை, சாட்சாத் வார்டு கவுன்சிலர்! "யார்டீ இந்தாளு? என் ஊட்டுக்காரர் எங்க?" என்று அண்ணி பழையதையே மாட்டிவிட்டார்.

இதைக் கேட்டபின் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணி, அவன் ஆடல. காலைலயே பிலிம சுத்திவெச்சது நான்தான்" என்று உடைத்துவிட்டேன்.

அண்ணி காபியை நீட்டினார்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. பிரிண்ட பார்த்ததுமே சொல்லிட்டாரு. 'அவன்கிட்ட கேட்டுடாத, அப்பால கேமராவத் தொடவே மாட்டான், எனக்கு வேற யார் கீறா'ன்னாரு."

பாவி! உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் குறுகிக் கிடந்தேனே. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். திட்டாமல் விட்டாயே, அதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பேன்?