நரியின் பக்கம் நிற்பவர்கள்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகளிடம் நான் கேட்டதாகச் சொல். உன் தம்பியிடம் மட்டும் சொல்லாதே; நான் எதையும் மறக்கவில்லை.

நீ பார்க்கும் அந்தச் சீன மாயாஜாலத் தொடரைத்தான் இங்கே எங்கள் கம்பெனி அறையிலும் போனில் ஓட்டுகிறார்கள். தேவலோகத்தைக் காவல் காக்கப் போன கணவனுக்காகக் கதாநாயகி நூறு வருடமாகக் காத்திருக்கிறாள். மனித உருவில் ஒரு நரி அவளையே சுற்றி வருகிறது. கீழே கருத்து எழுதும் கும்பல் முழுக்க நரியின் பக்கம். "போனவன் போயிட்டான், நரியையே கட்டிக்கோம்மா" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். அதற்கு ஆயிரம் லைக்.

"அவன் ஊர் சுத்தவா போனான்? வேலைக்குத்தானே போனான்!" என்று கத்திவிட்டேன்.

"அண்ணே, சீரியல்காரன் பொண்டாட்டிக்கு நீங்க ஏன் குதிக்கிறீங்க?" என்றான் பக்கத்துக் கட்டில் வெல்டர். அறையே சிரித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, அன்றிலிருந்து அவனோடு நான் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

பருத்தி பனியன் இரண்டு அனுப்பு. நீ யார் பக்கம் என்பதையும் எழுது. போனில் சொல்லாதே, சிரித்து மழுப்பிவிடுவாய். வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் கணவன்