அப்பாவுக்கு ஒரு வாய்

குட்டியின் அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு குட்டிக்கு எடை ஏகத்துக்குக் கூடிவிட்டது. கிளினிக்கில் அதற்கென்று நடக்கும் வகுப்புக்குப் போகிறோம். முதலில் என்னென்ன சாப்பிடலாம் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அதிலிருந்த சாப்பாடு எதுவும் நம் அடுப்பில் ஏறியதே இல்லை. இப்போது நம்மைப்போல் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காக, நம் மொழி பேசும் டீச்சர் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டையே கொண்டுவரச் சொன்னார். "வீட்டுல எப்படி ஊட்டுவீங்களோ, அப்படியே ஊட்டிக் காட்டுங்க" என்றார்.

நானும் பெருமையாக ஊட்டினேன். வயிறு நிறைந்ததும் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழக்கம்போல, "அப்பாவுக்கு ஒரு வாய்" என்றேன். உடனே வாயைத் திறந்தாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"போதும்னா போதும்னு சொல்ல வேண்டியதுதானே கண்ணு?" என்று டீச்சர் கேட்டார்.

"நான் சாப்பிடலன்னா அங்க அப்பா பட்டினி கிடப்பாரே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருட்டிய சோறு கையிலேயே நின்றுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை, இத்தனை நாளும் உங்களுக்கும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

இன்று அப்படிச் சொல்லி ஊட்டவில்லை. தட்டைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள்.

என்னோடு நீங்கள் பேச வேண்டாம். யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்க மாட்டேன். அவளுக்கு மட்டும் ஒரு போன் போட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா