கல்லீரலுக்கு எத்தனை கிலோமீட்டர்

ஜனவரி 9

நான்கு கிலோமீட்டர். மூச்சு முட்டி, மில் கேட்டுக்கு எதிரே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர், "வண்டி பஞ்சரா?" என்று கேட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் பஞ்சர்" என்றேன்.

விஷயம் இதுதான். எழுதி வைத்தால்தான் எனக்கே உறைக்கும். அண்ணனின் கல்லீரல் கெட்டுவிட்டது. குடித்துக் கெடவில்லை, அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. எப்போதோ உடம்புக்குள் புகுந்த வைரஸ், இத்தனை வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு இப்போது வேலையைக் காட்டிவிட்டது. இன்னொருவர் கல்லீரலில் பாதியை எடுத்து வைத்தால் பிழைப்பான். அண்ணிக்கு ரத்த வகை சேரவில்லை. என் மனைவிக்கும் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். மறுநாள் என்னை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "உங்க கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. இத எடுத்து அவருக்கு வச்சா ரெண்டு பேருக்குமே ஆபத்து" என்றார். பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வரச் சொன்னார். அண்ணனுக்கு ஒரு வருடம் தாங்கலாமாம். கூடவும் குறையவும் செய்யலாமாம்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். நான் லாரி எடை மேடையில் நாளெல்லாம் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பவன். இரண்டு பேரில் யாருக்கு நோய் என்று ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் என்னைத்தான் கைகாட்டியிருப்பார்கள்.

ஜனவரி 10

கால் வரவில்லை. ஓட்டவில்லை.

ஜனவரி 18

அண்ணன் போன் செய்தான். இனி தினமும் சாயங்காலம் பேசுவானாம். "டேய் டன்னு, இன்னிக்கு எவ்ளோ?" எடை மேடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான். ஐந்து என்றேன். "அஞ்சா? என் ஆறாங்கிளாஸ் பசங்க இன்டர்வெல்ல ஓட்டிட்டு வருவாங்கடா."

அவன் உயிர் என் வயிற்றுக்குள் இருக்கிறது. அதிகாரம் மட்டும் இன்னும் அவனிடம்.

பிப்ரவரி 6

எட்டு. எதிர்காற்று.

வேலையிடத்தில் ஒரு டிரைவர், "மேடையில ஏறுங்க சார், லோடு எவ்ளோன்னு பாத்துடலாம்" என்றான். ஏறினேன். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் கணக்குக் காட்டும். நூறு என்று காட்டியது. வீட்டு மெஷினில் தொண்ணூற்றாறு. வரிசையில் நின்ற லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

பிப்ரவரி 23

அண்ணன் வீட்டில் சாப்பாடு. என் தட்டில் இருந்த இனிப்பை அண்ணி எடுத்துக்கொண்டாள். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க." எல்லோர் கண்ணும் என் தட்டில்தான். நான் சாப்பிடும் ஒவ்வொரு வாயையும் அண்ணனிடமிருந்து எடுத்துத் தின்பது போல ஒரு பார்வை. கோபம் வந்தது. நிமிர்ந்தேன், அண்ணன் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. எழுந்து கை கழுவினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்க வயித்தக் கிழிக்கப் போறாங்க. அதுக்கு நான் பட்டினி போட்டு உங்கள ரெடி பண்ணிக் குடுக்கணும். இல்ல?" எனக்கும் பயம்தான். சொன்னால் அவள் என்னை வாசலைத் தாண்ட விடமாட்டாள்.

மார்ச் 30

இந்த மாதம் மொத்தம் 270. நான்கு கிலோ குறைந்திருக்கிறது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை.

ஒன்று எழுத வேண்டும், யாரிடமும் சொல்ல முடியாது. ரயில்வே கேட்டைத் தாண்டிக் கால்வாய்க்கரையில் திரும்பியதும் காலுக்கு வலியே தெரியவில்லை. உடம்பு தன்பாட்டுக்கு ஓடியது. நன்றாக இருந்தது. வாய்விட்டுப் பாடினேன். பிறகுதான் சுரீரென்றது. அவன் அங்கே கிடக்கிறான், நான் இங்கே பாடுகிறேனா?

ஏப்ரல் 13

இரண்டு வாரமாக முள் தொண்ணூற்றிரண்டிலேயே நிற்கிறது. தினமும் பத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறேன். அரை வயிற்றுக்குத்தான் சாப்பிடுகிறேன். என்ன செய்ய? இந்த வாரம் அண்ணன் வயிற்றிலிருந்து ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒரு வாளி என்றாள் அண்ணி.

போகும்போது என் கையில் ஒரு டப்பாவைத் திணித்தாள். பச்சைப் பொடி. "இலை, விதை எல்லாம் காயவச்சு அரைச்சது தம்பி. கொழுப்ப அப்படியே கரைச்சிடுமாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தி ரெண்டே மாசத்துல பாதியா எளைச்சிட்டா." காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். தூ, என்ன கசப்பு.

மே 16

எண்பத்தெட்டு! பொடியா, சைக்கிளா? எதுவானால் என்ன.

டாக்டர் எடையைப் பார்த்துத் தோளில் தட்டினார். "மருந்து மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?" இல்லை என்றேன். ஜூலையில் ஸ்கேனும் ரத்தமும் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பாராம்.

மே 31

மாதம் 380. அண்ணனிடம் சொன்னேன். "டேய்... தேங்க்ஸ்டா" என்றான். பிறந்ததிலிருந்து அவன் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. உடனே, "அடுத்த மாசம் நானூறுக்குக் கொறஞ்சா உதை" என்று சேர்த்துக்கொண்டான்.

ஜூன் 14

அண்ணி ஞாயிறு தவறாமல் டப்பாவோடு வந்துவிடுகிறாள். மூன்று பஸ் மாற வேண்டுமாம் அந்தப் பொடி விற்கிற கடைக்கு. "வேகமாக் கொறையணும்னா ஒன்றரை ஸ்பூனாப் போட்டுக்கோங்க" என்றாள். போட்டுக்கொண்டேன்.

ஜூன் 25

பதினெட்டு. அசதி. பசியே இல்லை.

ஜூன் 28

பதினாறு. வாயெல்லாம் கசப்பு. ஓட்டுகிற ஓட்டத்துக்கு அப்படித்தான் இருக்கும். அண்ணனிடம் சொன்னதற்கு, "உடம்பு சும்மா நடிக்கும்டா. மிதி" என்றான்.

ஜூலை 18

எண்பத்தொன்று. ஸ்கேனில் கொழுப்பு இல்லை! டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் என் கல்லீரல் அழகாக இருப்பதாகத்தான் பட்டது. அண்ணி ஆஸ்பத்திரி நடையில் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரத்த ரிப்போர்ட் நாளைக்கு மறுநாள். அது சும்மா சம்பிரதாயத்துக்கு.

ஜூலை 20

என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"குடிப்பீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். கல்லீரல் வீங்கிப் போயிருக்கிறதாம், ரத்தத்தில் கல்லீரல் என்சைம் இருக்க வேண்டிய அளவுக்கு ஒன்பது மடங்கு காட்டுகிறதாம். "வேற என்ன சாப்பிட்டீங்க? நல்லா யோசிங்க. டீ, கஷாயம், பொடி?"

பொடி என்று சொன்னேன். இலை, விதை, டாக்டர், அது மருந்தே இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இப்படி மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்களாம். நிறுத்தினால் தானாக இறங்கிவிடும், இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை என் மேல் கத்தி வைக்க மாட்டார்கள். அண்ணன் அதுவரை...? "பாப்போம்" என்றார். காரணத்தை அவர் யாருக்கும் சொல்ல மாட்டார், சொல்வதும் சொல்லாததும் என் இஷ்டம்.

மேயில் கேட்டாரே. நல்லா யோசிச்சிருக்கக் கூடாதா நான்? ஐயோ.

ஜூலை 21

அண்ணி ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றேன். திரும்பாமலே கேட்டான், "பொடியா?"

எப்படித் தெரிந்தது? "நீ ஓட்டினது எனக்குத் தெரியும். வாயக் கட்டினதும் தெரியும். வேற என்ன இருக்கு?"

பிறகு சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தான். "அவகிட்ட சொல்லாத."

"வேற என்ன சொல்றது?"

"குடிச்சேன்னு சொல்லு."

நான் எழுந்துவிட்டேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை, உதறினால் விழுந்துவிடுவான். "நான் தேறிட்டா நானே அவகிட்ட சொல்லிச் சிரிச்சுக்கறேன். தேறலன்னா? தன் கையால குடுத்துதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவ எப்படிடா இருப்பா?"

"அப்ப நான்?"

"நீ டன்னுடா. தாங்குவ."

தாங்குவேனாம். நான் என்ன சிமெண்ட்டா? சின்ன வயதில் அவன் உடைத்த ஜன்னலுக்கெல்லாம் என்னை முன்னால் தள்ளிவிட்டவன்தானே. ஆறு மாசமா நாய் மாதிரி ஓட்டினேன். எனக்குக் கிடைக்கறது குடிகாரன் பட்டமா? மாட்டேன். சொல்ல மாட்டேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஜூலை 23

சொல்லிவிட்டேன். எல்லாம் தெரிந்த மனைவி பக்கத்தில் நின்றாள்.

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. "குடிச்சீங்களா? நீங்களா?" மூன்று நான்கு தடவை, வெளியே போன இடத்தில், தெரியாமல் என்று உளறினேன். அவள் முகம் மாறியது. "அவர் சாகக் கிடக்காரு. நீ குடிச்சியா?" பதினேழு வருடத்தில் அண்ணி என்னை நீ என்றது இன்றுதான். அடித்திருக்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீடு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றும்போது மனைவி, "நல்ல அண்ணன், நல்ல தம்பி" என்றாள்.

ஆகஸ்ட் 9

பன்னிரண்டு. டாக்டர் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்.

சேதி எடை மேடை வரைக்கும் வந்துவிட்டது. எப்படித்தான் பரவுமோ. ஒரு டிரைவர் கண்ணடித்தான். "சார், சொல்லவே இல்லையே! சனிக்கிழமை நம்ம செட்டோட வாங்க." சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24

ஒன்பது மடங்கு நான்காகிவிட்டது. அண்ணனிடம் சொன்னேன். "இறங்குடா இறங்குடா" என்று என் ரத்தத்தை விரட்டினான். பேச்சு குழறுகிறது. நடுவில் என் பெயரை மறந்துவிட்டுத் தேடினான்.

செப்டம்பர் 12

ரத்த வாந்தி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நான் போனபோது அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்து தள்ளிப்போய் நின்றாள்.

எனக்கு இன்னும் இரண்டு மடங்கு இருக்கிறது. அப்படியே இருக்கட்டும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். நர்ஸ் என்னை வெளியே கூட்டிவந்தாள்.

செப்டம்பர் 26

என் ரத்தம் சுத்தம். ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர்.

அண்ணனுக்குக் கிருமித் தொற்று நெஞ்சுவரை ஏறிவிட்டது. இனி ஆபரேஷன் தாங்காதாம்.

செப்டம்பர் 27

எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாது. மீட்டரைப் பார்க்கவில்லை. இருட்டும்வரை ஓட்டினேன்.

அக்டோபர் 4

அண்ணன் போய்விட்டான். விடிகாலையில்.

அக்டோபர் 20

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அண்ணி டீ கொடுத்தாள். தட்டோடு என்னைத் தாண்டிப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 15

மனைவிதான் வெளியே தள்ளினாள். "போய் ஓட்டிட்டு வாங்க. இப்படியே சுவரப் பாத்து உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு." மூன்று.

திரும்பி வந்தபோது அவள் கையில் போன். அண்ணி எண். "நான் சொல்லிடறேன். எல்லாரும் உங்களக் கொலைகாரன் மாதிரிப் பாக்கறாங்க. என்னால முடியல." போனைப் பிடுங்கினேன். பிடுங்கியதில் அவள் விரலில் நகம் கீறிவிட்டது. இரண்டு பேரும் அழுதோம். நான் அண்ணனை நினைத்தா, எனக்காகவா என்று தெரியவில்லை. அவன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. செத்தவன் மேல் எத்தனை நாள்தான் கோபப்படுவது?

டிசம்பர் 8

ஆறு. தையல்காரர் பேன்ட்டையெல்லாம் சின்னதாக்கிக் கொடுத்தார். "ஆளே மாறிட்டீங்க, வயசு பத்துக் கொறஞ்சிருச்சு" என்றார்.

டிசம்பர் 30

ஏழு. வருடம் மொத்தம் 2,740.

மனைவிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். கேள்விப்பட்டு அண்ணி வந்தாள். மனைவியின் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். கிளம்பும்போது வாசலில் நின்றாள். என்னைப் பார்த்து அவள் பேசி ஐந்து மாதம் ஆகிறது.

"உங்கள மன்னிக்க வரல. அது என்னால ஆகாது."

"சரி அண்ணி."

"ஆனா ஒண்ணு. நான் ஒரு குறையும் வைக்கல. டாக்டர் சொன்னதும் செஞ்சேன், சொல்லாததும் செஞ்சேன். அந்தப் பொடிக்கு வாராவாரம் மூணு பஸ் மாறிப் போனேன். என் பக்கம் எதையும் விடல. அத நெனச்சுதான் ராத்திரி கண்ணு மூடுது. இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

"தெரியும் அண்ணி. நீங்க எதையும் விடல" என்றேன்.

உள்ளே மனைவி இருமுவது கேட்டது. அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அண்ணி ராத்திரி தூங்குகிறாள். அண்ணன் கேட்டது அவ்வளவுதான். எனக்கும் அது போதும் என்று எழுதப் பார்க்கிறேன். மனசு வரவில்லை.