உப்புக்கு அளவு சொன்ன புத்தகம்

மைசூர் மைன்ஸ்,
கே.ஜி.எஃப்.
12.9.2025, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் பல்லவிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், எங்களைப் பற்றி நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. நீ அங்கே கிளாஸ்கோவில் எப்படி இருக்கிறாய், தலைவலி குறைந்ததா, காலையில் எழுந்ததும் வருகிற கிறுகிறுப்பு நின்றதா என்று தெரியாமல்தான் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மாவிடம் கேட்டால், ‘நல்லா இருக்கா’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறாள். நீ என்னிடம் பேசி இன்றோடு பத்தொன்பது நாள். அதில் உன் தப்பு எதுவும் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தெருக்கோடி வீட்டு ஜெயசீலி, உன் ஊருக்கு ஒரு மணி நேரம் தள்ளி நர்ஸாக இருக்கிறாளே, லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாள். அவள் பெட்டியில் நீ கேட்ட சமையல் புத்தகத்தை வைத்து அனுப்புகிறேன், இந்தக் கடிதம் அதற்குள். முதலில் இதைப் படி, பிறகு புத்தகத்தைத் திற.

நீ புத்தகம் கேட்டது ஜூன் மாதக் கடைசியில். உன் பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு இருக்கிறது, சிறுநீரில் கொஞ்சம் புரதம் போகிறது, மூன்று மாதம் உப்பைக் குறைத்துப் பார்க்கலாம், அப்படியும் இறங்கவில்லை என்றால் மாத்திரை, அதோடு கிட்னிக்கு மேல் பரிசோதனை என்று உன் டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்குக் கிட்னியா! உன் வரதன் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, வெறும் பிரஷர்தானே என்று விட்டோம், இன்றைக்குத் திங்களும் வியாழனும் கோலாருக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுத்துக்கொண்டு வருகிறான். சித்தி போனதிலிருந்து அவனுக்கு மூன்று வேளையும் நம் வீட்டிலிருந்துதான் சாப்பாடு, உப்பைக் குறைத்துத் தனியாகச் செய்து நானே கொண்டு போகிறேன். குடும்பத்தில் இரண்டாவது ஆளாக நீ ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் பயம். அப்போது நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், ‘அப்பா, நீ சொல்றதெல்லாம் கொஞ்சம், ஒரு கை, கண்ணளவுன்னே இருக்கு. எனக்கு அளவு வேணும். டெய்லி செய்ற சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கான புஸ்தகம் பார்த்து அனுப்பு’ என்று. நியாயமான பேச்சு. அம்மா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவள், இந்த வீட்டில் உனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் நின்று நூலளவு வித்தியாசத்துக்கும் ஆட்களை விரட்டினவன், என் அடுப்படியில் ஒரு ஸ்பூனுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். மூன்று பார்த்தேன். முதலாவது ராபர்ட்சன்பேட்டையில் வாங்கியது, வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் படம், பன்னீரில் மட்டும் நாற்பது வகை. பருப்புப் பக்கத்தைத் தேடினால் கடைசியில் ஒரு மூலையில் இருக்கிறது. அதில் ‘உப்பு தேவையான அளவு’. எனக்கு வந்ததே கோபம். யாருக்குத் தேவையான அளவு? என் பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்று தெரியாமல்தானே ஐயா நான் புத்தகம் தேடுகிறேன்! இரண்டாவது அம்மாவோடு வேலை செய்கிற யாரோ கொடுத்தது. அதில் உப்புக்கு ஸ்பூன் கணக்கு இருந்தது, ஆனால் எத்தனை பேருக்கு என்று இல்லை. நான்கு பேருக்கான உப்பை நீ ஒருத்தி தின்றால் என்ன ஆவது? மூன்றாவதை அம்மா பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் பிடித்தாள். படமே கிடையாது, அட்டை சாணித்தாள் நிறம். எழுதியவர் ஒரு மனையியல் ஆசிரியை. ஆனால் எல்லாவற்றுக்கும் கிராம், டம்ளர் என்றால் எத்தனை மில்லி என்று முன்பக்கத்திலேயே போட்டிருக்கிறார், இத்தனை பேருக்கு, இத்தனை விசில் என்று எல்லாம் இருக்கிறது. பொண்ணு பார்க்கப் போனவன் மாதிரி மூன்றையும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தேன் என்று அம்மா கேலி செய்தாள். செய்யட்டும். புத்தகம் எழுதுகிறவர்கள் எதையும் எழுதலாம், சமைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

போன ஞாயிறு காலை, நம் சமையல் தராசில் நிறுத்து, புத்தகத்தில் இருக்கிறபடியே துவரம்பருப்பு போட்டேன். நான்கு விசில் என்று எழுதியிருந்தது. திறந்தால் பருப்பு அப்படியே முழுசு முழுசாக நிற்கிறது. இன்னும் நான்கு விசில் விட்டேன், விரலால் நசுக்கினால் நடுவில் கடுக் என்கிறது. அவ்வளவுதான், இதை எழுதின டீச்சரம்மா ஒரு நாளும் அடுப்பு மூட்டியவர் இல்லை, இந்தப் புத்தகமும் ரிஜெக்ட் என்று சத்தம் போட்டேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார். குக்கரை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னா நாகேஷு, சோடா போட்டியா இல்லியா? நம்ம போர் தண்ணில ஆப்ப சோடா போடாம எந்தக் காலத்துல பருப்பு வெந்து கீது? புஸ்தகம் எழுதுன மகராசி நம்ம ஊரு தண்ணிய கண்டாங்களா? அவங்கள போய் திட்டினு கீற’ என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு நறுக்கென்றது. சோடா என்று ஒன்று போடுவதையே நான் மறந்துதான் போயிருந்தேன், தினமும் போடுகிறேன், கை தானாகப் போகிறது, அதை ஒரு சாமான் என்று நினைத்ததே இல்லை. குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரை ஊற்றி, மறுபடி அதே அளவு பருப்பு, அதே நான்கு விசில். வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. புத்தகம் சரி. தண்ணீர்தான் வேறு.

அப்போதுதான், பல்லவி, எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ அங்கே போன புதிதில், ‘அப்பா, இங்க பருப்பு கூழ் மாதிரி ஆயிடுது, வழவழன்னு இருக்குது’ என்று சொன்னாய். நான் என்ன சொன்னேன்? அடுப்பைக் குறைத்து வை என்றேன், உன் ஊர்த் தண்ணீருக்குச் சோடாவே வேண்டியதில்லை என்று தோன்றவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது உன் பெட்டியில் சோடா பொட்டலம் வைத்தவன் நான். பருப்புக்கு அரை ஸ்பூன், கொண்டைக்கடலைக்கு ஒரு ஸ்பூன், கீரை பச்சையாக இருக்க ஒரு சிட்டிகை, கறி வேகவில்லை என்றால் அதற்கும் கொஞ்சம் என்று போனில் ஓதினவனும் நான். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன், உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு என்று தலைப்புப் போட்டு அந்த ஆசிரியை எழுதியிருக்கிறார், சமையல் சோடாவையும் நிறுத்துங்கள், உப்பில் பிரஷரை ஏற்றுகிற சத்து எதுவோ அதே சத்து சோடாவிலும் உண்டு, அரை ஸ்பூன் சோடா ஏறக்குறையக் கால் ஸ்பூன் உப்புக்குச் சமம் என்று. மூன்று முறை படித்தேன். உனக்கு உடனே ‘எதிலும் சோடா போடாதே’ என்று மெசேஜ் அனுப்பினேன், நீ ‘சரி’ என்று ஒரு வார்த்தை போட்டாய். நிறுத்திவிட்டாய் என்று அம்மா சொன்னாள், அதில் கொஞ்சம் மூச்சு வந்தது. மறுநாள் கோலாரில் சாப்பாட்டு அட்டவணை எழுதித் தருகிற மேடத்திடம் கேட்டேன். ‘சோடானூ உப்பே சார்’ என்றார், சோடாவும் உப்புதானாம். அத்தனை நாளும் உப்பு எவ்வளவு என்று அவர் கேட்டபோதெல்லாம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ரொம்பக் கம்மி மேடம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் இருபத்தி நான்காம் தேதி போனில் நடந்ததை நான் மறக்கவில்லை. பிரஷர் இறங்கவே இல்லை அப்பா என்று நீ அழுகிற குரலில் சொன்னாய். ஆறுதல் சொல்ல வேண்டிய நான், சிப்ஸ் தின்கிறாய், ஹோட்டலில் தின்கிறாய், எனக்குத் தெரியாதா, பொய் சொல்லாதே என்று கத்தினேன். நீ சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் இப்போது காதில் இருக்கிறது. ‘நான் உப்பே தொடறதில்லப்பா. நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான் செய்றேன், ஒண்ணுகூட மாத்தல. வேற இன்னா செய்யணும் சொல்லு’ என்றாய். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்ததுதான் கோளாறு என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

உன்னை மட்டும் இல்லை. சித்தப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பில் நீர் ஏறி எடை கூடி வருகிறது, அங்கே நர்சுகள் திட்டுகிறார்கள். அவன், ‘ண்ணா, தாகம் தாங்கல, ஆனா அளவுக்கு மேல ஒரு சொட்டு கூடக் குடிக்கல’ என்பான். நானும் பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அவனைத் திட்டுவேன், திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறாய் என்று. அவன் சாப்பாட்டில் சோடா போட்டது இந்தக் கைதான். எல்லாம் அதனால்தான் என்று டாக்டர்கள் சொல்லவில்லை, அது மட்டும்தான் காரணமா என்று எனக்கும் தெரியாது, ஆனாலும் மனது கேட்கவில்லை. திங்கட்கிழமை கேன் தண்ணீரில் சமைத்துக் கொண்டு போனேன், வாய் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை. நேற்று பஸ் பூதிகோட்டை ரோடு திரும்பும்போது சொல்லிவிட்டேன். ‘அப்ப நான் தண்ணி திருடல, ஒத்துக்கிறியா?’ என்றான். ஒத்துக்கொண்டேன். ‘சரி, புள்ளைகிட்டயும் இதே மாதிரி சொல்லு. சோடா போடாதேன்னு மெசேஜ் போட்டுட்டு நைசா நழுவிக்காத. அது உன்கிட்ட மருந்தா கேட்டுச்சு? நம்புன்னுதான கேட்டுச்சு’ என்றான். இறங்குகிற வரைக்கும் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

புத்தகத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்துப் பருப்பு, இருபத்தெட்டாம் பக்கத்து ரசம், கீரைக் கடைசல், அவரைக்காய்ப் பொரியல், இதெல்லாம் நான் கேன் தண்ணீரில் செய்து பார்த்துத் தேறியவை. எலுமிச்சை சாதம் பரவாயில்லை, அதில் மிளகாயைக் குறைத்துக்கொள். குழம்புகளை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் அவற்றுக்கு நான் பொறுப்பு இல்லை, நீயே செய்து பார்த்துச் சொல். அந்தப் பாக்கெட் சூப்பு, அப்பளம், ஊறுகாய் எதுவும் வேண்டாம் என்று அந்த ஆசிரியையே எழுதியிருக்கிறார், நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. ஜெயசீலியிடம் ஒரு குட்டித் தராசும் கொடுத்திருக்கிறேன், எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புகிறேன். அம்மா உனக்கு ஸ்வெட்டர் வைத்தாள், பெட்டியில் இடம் இல்லை என்று ஜெயசீலி திருப்பிக் கொடுத்துவிட்டாள், அதற்கு அம்மாவுக்கு மனத்தாங்கல், நீ போனில் இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல். இங்கே மழை பெய்கிறது, போர் தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது.

இந்த மாதம் இருபத்தி நான்காம் தேதி டாக்டரிடம் போகும்போது சோடா விஷயத்தை மறக்காமல் சொல், எத்தனை வருஷமாக, எத்தனை ஸ்பூன், எல்லாம் சொல். வெட்கப்படாதே, எங்கப்பா சொல்லிக்கொடுத்தது என்று சொல். நிறுத்திப் பதினேழு நாள்தான் ஆகியிருக்கும், அதற்குள் இறங்குமா என்று தெரியவில்லை. இறங்காமல் இருந்தாலும், மாத்திரை போட வேண்டும் என்றாலும், அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல். நான் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன்.

நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், எங்கள் ஆயுசும் உனக்கே சேர வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

நீ பொய் சொல்லவில்லை பல்லவி. நான் பெற்ற பிள்ளை, நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்த பிள்ளை, உன்னைப் போய்ப் பொய்க்காரி என்றேன். என்னை மன்னித்துவிடு கண்ணு.

உன் அப்பா,
நாகேஷ்