இல்லாத உலைக்கு எங்கள் கொதிகலன்

செவ்வாய், மார்ச் 11

எங்கள் நிலக்கரி மின்நிலையத்தை மூடப்போகிறார்கள். காப்பாற்ற வழியிருந்தால் சொல் என்று மானேஜர் கேட்டிருந்தார். இன்று சொன்னேன். அணு உலையின் நீராவிக்குச் சூடு போதாது. அதை நம் கொதிகலனில் கரி எரித்து மேலும் சூடேற்றினால் அதே உலையிலிருந்து கூடுதல் மின்சாரம் எடுக்கலாம். கணக்கில் தப்பே இல்லை.

"நல்லாதான் இருக்கு. ரியாக்டர் எங்க லா, சிவா?" என்றார்.

ஜொகூரில் மட்டுமா, மலேசியாவிலேயே மின்சாரம் எடுக்கும் அணு உலை ஒன்றுகூடக் கிடையாது. "தெங்கோக் டூலு லா, பாக்கலாம்" என்று மலாயிலும் தமிழிலும் ஒன்றையே சொல்லி எழுந்துவிட்டார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதுவும் இதுவரை நடந்ததில்லை.

வெளியே கொதிகலன் ஆட்கள் காத்திருந்தார்கள். "என்னண்ணே சொன்னாரு?" என்றான் முனியாண்டி. அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "பாக்கலாம்னு சொன்னாரு" என்றேன். பொய்யில்லையே.

அவன் அங்கேயே மனைவிக்குப் போன் போட்டான். "உன் தம்பி பாத்த சிங்கப்பூர் வேலை வேணாம்னு சொல்லிடு. இங்க அண்ணன் பேசி முடிச்சிட்டாரு."

தடுக்கத்தான் கையை நீட்டினேன். அது போய் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது.