கூடா, கட்டையா

1983 ஜனவரி 9, ஞாயிறு

இன்று ஒத்திகை முடிந்ததும் எங்கள் கச்சேரிக் குழுவை நடத்தும் கோதண்டம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழுவுக்குப் புது எலெக்ட்ரிக் கிடார் வாங்கப் போகிறாராம். பழையதன் கழுத்து வளைந்து போய் எந்தக் கம்பியும் சுருதியில் நிற்பதில்லை.

"வாசிக்கப் போறது நீதான். மெட்ராஸ் போய் நீயே பார்த்துட்டு வாம்மா. கூடா, கட்டையா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

கூடு என்றால் உள்ளே வெற்றாக, பிடில் மாதிரி இரண்டு துளையோடு இருப்பது. அகலம், பருமன், ஆனால் கனம் குறைவு. கட்டை என்றால் முழு மரம். மெல்லிசு, ஆனால் தோளை இழுக்கும்.

அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு டிரைவர் மனைவியிடம் நான் கற்றுக்கொண்டது கூட்டில்தான். இந்தக் குழுவில் ஆறு வருஷமாக வாசிப்பதும் கூட்டில்தான். வேறு ஒரு சமயமாக இருந்தால் அண்ணன் கேட்ட உடனே பதில் சொல்லியிருப்பேன்.

இன்று, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதமாக நான் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. மாமியாரான அத்தை மகளின் பிரசவத்துக்காகக் கனகம்மாசத்திரம் போயிருக்கிறார், அதனால் கேட்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் பாவாவிடம், வழக்கம்போல் ஊற்றிக்கொண்டதாகப் பொய் சொன்னேன். இதற்கு முன் இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டாவது போனது மலையடிவாரக் கச்சேரிக்கு மறுநாள். அன்று அத்தை சொன்னது: "அந்த மரத்தை வவுத்து மேல சாச்சிக்கினு மூணு மணி நேரம் நின்னா எந்தப் புள்ள தங்கும்?"

ஒரே ஒரு முறைதான் சொன்னார். இரண்டு வருஷமாகக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 10

இன்றும் பாவாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 15

பொங்கல் கச்சேரி. பழைய கிடாரை வயிற்றில் படாமல் இடுப்பெலும்பின் மேல் சாய்த்து, முழங்கையால் தள்ளிப் பிடித்தபடி வாசித்தேன். மூன்று பாட்டில் மணிக்கட்டு விட்டுப் போயிற்று. ஒரு பாட்டில் இரண்டு இடத்தில் விரல் தப்பியது.

"பக்கத்து வீட்டுப் புள்ளைய தூக்கற மாதிரி ஏன் தள்ளிப் புடிச்சிக்கினு நிக்கிற?" என்று கோதண்டம் அண்ணன் கேட்டார். கைவலி என்றேன். பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

ஜனவரி 22, சனி

மெட்ராஸ் போய் வந்தோம், நானும் பாஞ்சாலியும். எங்கள் குழுவின் பாடகி அவள்தான். துணைக்கு வந்தாள்.

மவுண்ட் ரோட்டுக் கடையில் மூன்று கிடார் காட்டினார்கள். முதலில் கட்டை. சிவப்பு. மேலே இரண்டு கொம்பு. முதுகுப்பக்கம் உடம்போடு ஒட்டுவதற்காகச் சீவி வளைத்திருந்தார்கள். மாட்டியதும் வயிற்றில் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது. ஐந்து நிமிஷத்தில் இடது தோள் இறங்கியது. பிளக்கை எடுத்துவிட்டுத் தட்டினேன். கொசு பாடுகிற அளவுதான் சத்தம். வீட்டில் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. இது நல்லதா கெட்டதா?

இரண்டாவது கூடு. மஞ்சள் பூசிய மரம். மாட்டினேன். கம்பியைத் தட்டியதும் அதிர்வு நெஞ்சில் வந்து நின்றது. எனக்கு இதுதான் கிடார் சத்தம். ஆனால் அதன் பின்பக்கம் நேராகப் போய் என் அடிவயிற்றில் உட்கார்ந்தது. சட்டென்று கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது இரண்டுங்கெட்டான். பார்க்கக் கூடு மாதிரி, ஆனால் மெல்லிசு. நடுவில் மட்டும் ஒரு மரக்கட்டை. கனமும் நடுத்தரம், சத்தமும் நடுத்தரம்.

பருமன் எத்தனை அங்குலம், பின்பக்கம் மட்டமா வளைவா என்றே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தையற்காரரிடம் அளவு கொடுக்க வந்தவளைப் பார்ப்பது மாதிரி கடைக்காரர் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டோம்.

சென்ட்ரல் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பாஞ்சாலி கேட்டாள். "எத்தினி மாசம்டி?"

நான் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பாமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு, "உன் வயிறு இன்னும் ஆறேழு மாசம் இருக்கும். அந்தக் கிடாரு எத்தினி வருசம் இருக்கும்?" என்றாள்.

ஜனவரி 23

பாஞ்சாலி கேட்டது சரிதான். ஆறு மாத வயிற்றுக்காக ஆயுசுக்கும் ஒரு கிடார் எடுப்பதா?

ஆனால் அந்த ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால்தானே பிறகு என்பதே. கட்டையை எடுத்தால் வயிற்றில் படாது. கனத்தைச் சுமந்து ஏதாவது ஆகிவிட்டால்? கூட்டை எடுத்தால் கனமில்லை. அழுத்தி ஏதாவது ஆகிவிட்டால்? நடுத்தரத்தை எடுத்தால் இரண்டு பயமும் பாதிப் பாதி வரும். இது என்ன கணக்கு?

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கூசுகிறது. கட்டையை எடுத்தால் அத்தைக்குக் கேட்காமல் வாசிக்கலாம். திருட்டுத்தனமாக வாசிப்பதற்கா ஒரு கிடார்?

வாசிப்பையே விட்டுவிடலாமே. அந்த எண்ணமும் வருகிறது. வந்து நிற்கிறது. போக மாட்டேன் என்கிறது.

ஜனவரி 28

கோதண்டம் அண்ணன் தன் ரேடியோ கடை வாசலில் நிறுத்திக் கேட்டார். இன்னும் ஒரு வாரத்தில் சொல்லாவிட்டால் அவரே கட்டையை வாங்கிவிடுவாராம். திறந்தவெளிக் கச்சேரியில் கூடு ஸ்பீக்கருக்கு எதிரில் வந்தாலே ஊளையிடுகிறது, போன தடவை ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள் என்றார். எல்லாம் உண்மை. போகிற போக்கில், புத்தூர் ஸ்டேஷன் புக்கிங் கிளார்க் நாகேந்திரன் குழுவில் சேரக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அவரிடம் சொந்தமாகக் கட்டை கிடார் இருக்கிறதாம்.

பயமுறுத்தச் சொன்னாரா, சும்மா சொன்னாரா? தெரியவில்லை.

பிப்ரவரி 1

சொல்லிட்டேன். பாவா அம்மையார்குப்பத்துல தறி ரிப்பேர் முடிச்சிட்டு வந்து கை கழுவிக்கினு இருந்தாரு. பின்னாடி நின்னு சொல்லிட்டேன். மூணாவது மாசம்னு. திரும்பவே இல்லை. சோப்பு போட்ட கையையே மறுபடி மறுபடி கழுவினாரு. அப்புறம் சாப்பிடாம படுத்துட்டாரு. சந்தோசமா, கோவமா, பயமா? எனக்கு எப்படித் தெரியும். நான் பொய் சொன்னவதானே.

பிப்ரவரி 2

பேசவில்லை. ஆனால் நான் எடுக்கப் போன தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கி வைத்தார்.

பிப்ரவரி 3

பாவா பேசினார். நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

"ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னா கிடாரைத் தொடாதன்னு சொல்லுவீங்க."

"ஆங், சொல்லியிருப்பேன்" என்றார்.

அவர் மறுத்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஒத்துக்கொண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இரண்டும் என்னால்தான் போயிற்றா என்று கேட்டேன். நான்கு வருஷக் கல்யாணத்தில் இதை நான் கேட்டது இதுதான் முதல் முறை. தனக்குத் தெரியாது என்றார். தெரிந்தவர்களிடம் கேட்போம் என்றார்.

பிப்ரவரி 5

அரக்கோணத்தில் லேடி டாக்டரைப் பார்த்தோம். கிடார் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எப்படிப் பிடிப்பாய், காட்டு என்றார். அவருடைய மேஜை மேலிருந்த பெரிய ரிஜிஸ்டரை வாங்கி மாட்டிக்கொண்டது போல் காட்டினேன். பாவா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்குள் போவது பெரும்பாலும் கரு சரியாக உருவாகாததால்தான், நின்றதாலும் வாசித்ததாலும் அல்ல என்றார் டாக்டரம்மா. கூடாதது இரண்டுதான்: கனம் சுமப்பது, மணிக்கணக்கில் நிற்பது. உட்கார்ந்து வாசி, வயிறு இடித்தால் நிறுத்து என்றார். நான் மறுபடியும் கேட்டேன், அப்படியானால் முன்னால் போனதற்கும் கிடாருக்கும்... அவர் முடிக்க விடவில்லை. "சம்பந்தம் இல்லைம்மா. யார் சொன்னாலும் இல்லை."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். நிம்மதி என்று எழுத வேண்டும். ஆனால் நிம்மதிக்கு முன்னால் கோபம் வந்தது. இரண்டு வருஷம். யார் மேல் கோபம்? அத்தை மேலா, நம்பிய என் மேலா?

பிப்ரவரி 6

முடிவு செய்துவிட்டேன். கூடுதான்.

காரணம் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே சரியாக வரவில்லை. இன்னும் மூன்று மாதம்தான் அதைப் பிடிக்க முடியும், பிறகு கைக்கு எட்டாது. கட்டை எடுத்தால் ஒரு மாதம் அதிகமாக வாசிக்கலாம். கட்டையின் கனம் மேஜை மேல் வைத்தால் யாருக்கும் ஒன்றுமில்லை, தோளில் போட்டால் எனக்கு இப்போது ஆகாது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் மவுண்ட் ரோட்டில் நெஞ்சில் வந்து நின்ற அந்த அதிர்வை எதில் சேர்ப்பது? பிள்ளை பிறந்த பிறகும் நான் வாசிப்பேன் என்று நினைத்தால்தான் கூட்டைக் கேட்க முடியும். அப்படி நினைக்கத் தைரியம் இருக்கிறதா என்று தெரியாமலே கேட்டுவிட்டேன்.

கோதண்டம் அண்ணனிடம் இரண்டையும் சொன்னேன், கூடு வேண்டும் என்பதையும், ஆடிக் கிருத்திகைக்கு நான் மேடையில் இருக்க மாட்டேன் என்பதையும். வருஷத்தில் எங்கள் பெரிய கச்சேரி அதுதான். மீசையைத் தடவினார். "அதுக்கு நாகேந்திரன வெச்சிக்கறேன்" என்றார். அதற்கப்புறம் என்றேன். "அப்புறம் பார்க்கலாம்."

ஊளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 20

கிடார் வந்தது. அழகு. பெரிய ஸ்பீக்கரில் போட்டதும் ஊளையிட்டது. ஸ்டேஷன் ரோடே திரும்பிப் பார்த்தது. கோதண்டம் அண்ணன் சுவிட்சை அணைத்தார்.

தப்பு செய்துவிட்டேனோ?

பிப்ரவரி 27

பாவா ஒத்திகைக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. தறியில் எண்ணெய்க் கை துடைக்கிற கழிவு நூல் ஒரு பை நிறைய, துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"உள்ள காலியா இருக்கறதால அதிருது. மிசின் மூடி அதிர்ந்தா நாங்க துணி அடைப்போம்" என்றார்.

இரண்டு துளை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக நூலைத் திணித்தார். ஒவ்வொரு பிடி போட்டதும் அண்ணன் ஸ்பீக்கரைப் போடுவார், நான் ஒரு கம்பியைத் தட்டுவேன். நான்காவது பிடியில் ஊளை இறங்கியது. ஆறாவதில் நின்றது. ஏழாவதைப் போட்டபோது சத்தம் செத்துவிட்டது. பாவா அதைத் திரும்ப உருவி எடுத்தார்.

"ஆறு" என்றார், என்னமோ தறிக்கு அளவு சொல்வது மாதிரி. கோதண்டம் அண்ணன் சிரித்துவிட்டார்.

மார்ச் 12

அத்தை ஊரிலிருந்து வந்தாயிற்று. படியேறும்போதே என் இடுப்பைப் பார்த்துவிட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். முன்னறையில் பாவா சொல்வது கேட்டது. "டாக்டரம்மா சொல்லிட்டாங்கம்மா, காரணம் அது இல்ல. இனிமே அந்தப் பேச்சு வாணாம்."

"நான் இன்னாடா சொன்னேன்?" என்றார் அத்தை.

சொன்னது அவருக்கு நினைவே இல்லையா? மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா? சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் வாசித்தேன். அவர் வாசலிலேயே பூ கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

மே 15

இன்று எட்டவில்லை. வயிற்றையும் கிடாரையும் சுற்றி வலது கை கம்பிவரை போகவில்லை. உறையில் போட்டு பீரோ மேல் வைக்கச் சொல்லிவிட்டேன். கட்டை எடுத்திருந்தால் ஜூன் வரை ஓட்டியிருக்கலாம். இப்போதும் சரியா தப்பா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட்

ஆடிக் கிருத்திகை. தேதி பார்க்கவில்லை. காவடிக் கூட்டம் தெரு முழுக்க. இராத்திரிக் கச்சேரியின் சத்தம் வீடுவரை வந்தது. நாகேந்திரன் நன்றாக வாசிக்கிறார், சுத்தமான விரல். நன்றாக வாசிக்கக்கூடாது என்று நினைத்தேனா? நினைத்தேன். இடுப்பு இழுக்கிறது. அத்தையை எழுப்ப வேண்டும்.

நவம்பர் 20, ஞாயிறு

ஆர்.கே. பேட்டையில் நேற்று கல்யாண வரவேற்புக் கச்சேரி. ஆறு மாதத்துக்குப் பிறகு எனக்கு முதல் மேடை. நாகேந்திரன் இடப்பக்கம் நின்று மேல் ஸ்தாயி வாசித்தார். நான் வலப்பக்கம் நாற்காலியில், கீழ் ஸ்தாயி. இரண்டு கிடாரும் சேர்ந்து கேட்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முதல் இரண்டு பாட்டில் அவருக்குப் பின்னாலேயே ஓடினேன். பிறகு சரியாயிற்று.

ஏழாவது பாட்டு முடிந்ததும் கோதண்டம் அண்ணன் என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மைக்கில், பத்து நிமிஷம் இடைவேளை என்றார். எங்கள் குழுவில் இதுவரை இடைவேளை என்பதே கிடையாது.

பந்தலுக்குப் பின்னால் அத்தை பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார். "பசி தாங்கல, எவ்ளோ நேரம்தான் வாசிப்பீங்க" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். எனக்கு மறைப்பாகத் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டார். என் மகள் குடித்து முடித்து அப்படியே தூங்கிப்போனாள்.

உள்ளே பாஞ்சாலி மைக்கைத் தட்டிப் பார்த்தாள். இரண்டாம் பாதியின் முதல் பாட்டு என் கிடாரில்தான் ஆரம்பம். பாப்பாவை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.