எடுத்த காலில் வலி

ஜூலை 3, 1956. செவ்வாய்.
காலையிலிருந்து தூறல். ஸ்கூல் நோட்டு திருத்த வேண்டியது பாதிகூட முடியவில்லை.
இவருக்கு மறுபடி வலி. சர்க்கரைப் புண்ணால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்து எட்டு மாசம். அந்த எடுத்த காலில்தான் வலி. "கட்டைவிரலை யாரோ முறுக்குற மாதிரி இருக்குது கமலா." எந்தக் கட்டைவிரல்?

4, புதன்.
டாக்டர்: மாத்திரை இனி கூடாது, வயிறு தாங்காது. ஒத்தடம் கொடுங்க, பேச்சுக் கொடுங்க. "வலி நிஜமா டாக்டர்?" "அவருக்கு நிஜம்தாம்மா." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.
வாங்க: கல் உப்பு, நல்லெண்ணெய்.

6, வெள்ளி.
உப்பு ஒத்தடம் மூன்று வேளை. தொடை வரைக்கும் சரி. விரலுக்கு எங்கே வைப்பேன்?
பக்கத்து வீட்டு ரத்னம்மா நொச்சி இலை கொடுத்தாள். நல்லவள். வாசலில் யாரிடமோ, "பாப, தலெ கெட்டிதெ." பாவம், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். இவருக்கும் கன்னடம் தெரியுமே. சாயங்காலம் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வலிக்குதா என்றால் இல்லை என்கிறார். பல்லைக் கடிக்கிற சத்தம்.

8, ஞாயிறு.
மழை, குளிர். பேச்சுக் கொடுத்தேன். பேக்கரி வேலை, எங்கள் கல்யாணத்துக்கு இவரே போட்ட கேக். பாதியில் "போதும்."
நல்ல காலைத் தேய்க்கச் சொன்னார். இடது கட்டைவிரலை எண்ணெய் விட்டு நீவினேன். "அங்கதான். விடாதே." இறங்கிற்று! கால் மணி நேரம் சும்மா இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உலை வைக்க எழுந்தேன், மறுபடி கத்தல். பிறகு எவ்வளவு நீவியும் கேட்கவில்லை.

9, திங்கள்.
"எடுத்த காலை இன்னா பண்ணாங்க? மடக்கிப் புதைச்சிட்டாங்களோ? அதான் முறுக்குது. போய்க் கேட்டுட்டு வாயேன்."
அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு ஆயா மேலும் கீழும் பார்த்தாள். "எரிச்சிருப்பாங்க. யாருக்கம்மா ஞாபகம்?"
திரும்பி வரும்போது நல்ல மழை. குடை இருந்தும் நனைந்தேன். இவர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
"நேரா நீட்டி வெச்சுத்தான் புதைச்சாங்களாம்" என்றேன்.
தலையாட்டினார்.
"அப்புறம் ஏன் கமலா வலிக்குது?"